பட்டப்பகலில் நடந்த ரத்தக்காட்டேரி

கூர்மையான காதுகள், எலிப்பற்கள், கக்கத்தில் இடுக்கிய சவப்பெட்டி. 1922-ல் வெளிவந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப்படத்தில் கவுன்ட் ஆர்லாக் என்ற ரத்தக்காட்டேரி ஊருக்குள் நுழைகிற காட்சி அது. அக்கா மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்படுவான் என்று நினைத்தேன். அவனோ திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், "மாமா, இது ராத்திரியிலதான் வெளிய வரும்னு சொன்னீங்க. அப்புறம் எப்படி நிழல் விழுது?" என்று கேட்டான்.

படத்தை நிறுத்திப் பார்த்தேன். பளிச்சென்ற பகல். "பழைய படம்டா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே ஓடவிட்டேன். கடைசியில் காலைச் சூரியன் உதிக்கிறது, ஒளி பட்டதும் ஆர்லாக் அப்படியே கரைந்து போகிறான். "இவ்வளவு நேரம் வெயில்ல நடந்தப்ப ஒண்ணும் ஆகலையே?" என்றான். என்னிடம் பதில் இல்லை. நல்ல படம் என்று ஊரெல்லாம் சொல்கிறதே, இவ்வளவு பெரிய ஓட்டையை யாரும் கவனிக்கவில்லையா என்றுதான் எனக்கும் தோன்றியது.

பதில் தெரிய எனக்குப் பல மாதங்கள் ஆயின. அந்தக் காலத்துப் படச்சுருளை வைத்து இரவில் வெட்டவெளியில் படம் பிடிப்பது மிகவும் கஷ்டம். அவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் எதுவும் பதியாது. அதனால் இரவுக் காட்சிகளையும் பகலிலேயே எடுத்துவிட்டு, திரையிடும் பிரதியில் அந்தப் பகுதிகளை மட்டும் நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். நீலம் என்றால் இரவு. விளக்கு எரியும் அறைக்கு மஞ்சள் சாயல். விடியலுக்கு இளஞ்சிவப்பு. அன்று அரங்கில் உட்கார்ந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் அந்தச் சுருள்களைச் சாதாரணக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தபோது நிறம் உதிர்ந்துபோனது. நகலுக்கு நகல் எடுத்து, அதற்கும் நகல் எடுத்து, கடைசியில் என் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்தது அப்படி ஒரு பிரதி. படத்தில் ஓட்டை ஏதும் இல்லை. இரவைத் தொலைத்துவிட்ட பிரதியை நான் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பழைய புத்தகங்களிலும் பழைய ராட்சதப் படங்களிலும் கடந்த சில வருடங்களாக நான் மூழ்கிக் கிடக்கிறேன். பதிப்புரிமை முடிந்து யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், பார்க்கலாம், பகிரலாம் என்று ஆகிவிட்டவை, ஆங்கிலத்தில் பப்ளிக் டொமைன் என்று சொல்கிறார்களே, அவைதான் பெரும்பாலும். எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. எங்கே கிடைக்கிறது என்பது ஒரு சிக்கலே இல்லை. எந்தப் பிரதி கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிய பிறகு எனக்கு இந்த உலகமே வேறு மாதிரி திறந்தது.

'நோஸ்ஃபெராட்டு' கதையிலேயே தொடர்கிறேன், ஏனென்றால் அதன் பிரதிகள் இப்படிச் சிதறிக் கிடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் படம் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை அனுமதி வாங்காமல் எடுத்தது. பெயர்களை மட்டும் மாற்றினார்கள். டிராகுலா ஆர்லாக் ஆனான். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டார். 1925-ல் ஜெர்மன் நீதிமன்றம் எல்லாப் பிரதிகளையும் அழிக்க உத்தரவிட்டது. அதற்குள் சில பிரதிகள் நாடு தாண்டிவிட்டிருந்தன. அப்படித் தப்பியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டில் வெட்டப்பட்டு, வசனத்தை எழுதிக் காட்டும் அட்டைகள் அந்தந்த மொழியில் செருகப்பட்டு, தனித்தனியாக வாழ்ந்தன. ஆங்கில அட்டைகள் கொண்ட சில பிரதிகளில் ஆர்லாக் மறுபடி டிராகுலா ஆகிவிடுகிறான். நான் முதலில் பார்த்தது அந்த வகை. பின்னால் வந்த நல்ல மறுசீரமைப்பு ஒன்று, பிரான்ஸில் பிழைத்திருந்த சாயம் ஏற்றிய 1922 பிரதியை அடிப்படையாகக் கொண்டது. அதைப் போட்டுக் காட்டியபோது அக்கா மகன் ஒன்றும் கேட்கவில்லை. நீலத் தெருவில் சவப்பெட்டியோடு அந்த உருவம் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். மௌனப்படங்களைக் கையால் சுழற்றும் கேமராவில் எடுத்தார்கள். நொடிக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்று வேகம் மாறும். பேசும் படம் வந்த பிறகு நொடிக்கு 24 என்று நிலைத்தது. பதினெட்டில் எடுத்த படத்தை இருபத்து நாலில் ஓடவிட்டால் எல்லாரும் விறுவிறுவென்று ஓடுவார்கள். தொண்ணூறு நிமிடப் படம் அறுபத்தேழு, அறுபத்தெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய படம் என்றால் ஆட்கள் துள்ளித் துள்ளித்தான் நடப்பார்கள் என்று நம் மனதில் பதிந்திருப்பது இப்படி வந்ததுதான். பயமுறுத்த வேண்டிய படத்துக்கு இதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது. ஆர்லாக்கின் பயமே அவன் மெதுவாக வருவதில் இருக்கிறது.

அதனால் இப்போது ஒரு மௌனப்படத்தை இறக்கும் முன்பு நான் பார்ப்பது முதலில் நீளம். ஒரே படம் ஓரிடத்தில் ஒரு மணிநேரம், இன்னோரிடத்தில் ஒன்றரை மணிநேரம் என்றிருந்தால் நீளமானதை முதலில் திறந்து பார்ப்பேன். முதல் இரண்டு நிமிடத்தில், எந்த ஆவணக் காப்பகத்தின் சுருளிலிருந்து மறுசீரமைத்தார்கள் என்ற குறிப்பு வந்தால் நல்ல அடையாளம். இரவுக் காட்சி ஒன்றுக்கு ஓட்டிப்போய் நிறம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இசையையும் கேட்பேன், படத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ பியானோ தொடர்ந்து ஓடினால் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது மேல். படம் பொதுச் சொத்தாக இருந்தாலும், புதிதாக அமைத்துச் சேர்த்த இசைக்குத் தனி உரிமை இருக்கக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா'வுக்கு இந்தச் சோதனை கட்டாயம். லான் சேனி தனக்குத் தானே ஒப்பனை போட்டுக்கொண்டு நடித்த 1925 படம். அதில் முகமூடி நடன விருந்து ஒன்று வரும். அந்தப் பகுதி மட்டும் டெக்னிகலர் என்ற அக்காலத்து இருவண்ண முறையில் எடுத்தது. பேய் செக்கச்செவேல் என்ற உடையில், மண்டையோட்டு முகத்தோடு படிக்கட்டில் இறங்கி வரும். சாதாரணப் பிரதியில் அது சாம்பல் நிறம். சிவப்பு போய்விட்டால் அந்தக் காட்சியில் என்ன மிச்சம்? போதாததற்கு, 1925-ல் வந்த வடிவம் ஒன்று, சில வருடம் கழித்து மாற்றி வெட்டியது ஒன்று என்று அந்தப் படமே இரண்டாக இருக்கிறது.

பிரதி தப்பாத படங்களும் உண்டு. அதே சேனி நடித்த 1927-ஆம் ஆண்டின் 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' இப்போது யாரிடமும் இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். 1960-களில் நடந்த கிடங்குத் தீ ஒன்றில் கடைசிப் பிரதி போய்விட்டது. புகைப்படங்கள் மட்டும் இருக்கின்றன. உயரத் தொப்பி, வரிசையாகக் கூரிய பற்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்த்த பிறகு, கீறல் விழுந்த பிரதியைக் கண்டால்கூட எனக்குக் கோபம் வருவதில்லை. இதுவாவது இருக்கிறதே என்று தோன்றும்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன்.

'டிராகுலா' 1897-ல் வந்தது. முதல் முறை படித்தபோது ஆறாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். விட்பி என்ற கடற்கரை ஊரில் ஒரு கிழவர் வந்து பேசுகிறார். அவர் பேசுவது ஆங்கிலம்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அகராதியில் தேடினாலும் பாதி சொல் கிடைக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பிறகு இன்னொரு நாள் அதே பக்கத்தைச் சும்மா வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்தது! வட்டார வழக்கை எழுத்தில் அப்படியே வைத்திருக்கிறார், அவ்வளவுதான். நம் மொழியிலும் வட்டார வழக்குக் கதையை இப்படித்தானே படிக்கிறோம். அதற்கப்புறம் பழைய நடை எங்கே முரண்டு பிடித்தாலும் சத்தமாகப் படிப்பது என் வழக்கம். தன்னார்வலர்கள் படித்துப் பதிவேற்றிய ஒலிப் புத்தகங்கள் லிப்ரிவாக்ஸ் தளத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் அதைக் கேட்டுக்கொண்டே எழுத்தைப் பின்தொடர்ந்தால் நீண்ட வாக்கியம்கூட எங்கே மூச்சு விடுகிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் முறை அந்த நாவலைத் தேதிப்படி படித்தேன். கதை முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் நறுக்கு, கப்பலின் பதிவேடு என்று ஆவணங்களாகவே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. மே 3 அன்று, டிராகுலாவின் கோட்டைக்குப் போகும் இளம் வழக்கறிஞன் ஜோனத்தன் ஹார்க்கரின் முதல் குறிப்பில் தொடங்கி நவம்பர் தொடக்கம் வரை, அந்தந்த நாளுக்கு உரியதை அந்தந்த நாளில் மட்டும். புத்தகத்தில் முதல் நான்கு அத்தியாயமும் ஹார்க்கர் கோட்டையில் சிக்கிக் கிடப்பதுதான்; அது முடிந்த பிறகே அவனை மணக்கப்போகும் மினாவும் அவள் தோழி லூசியும் எழுதிக்கொள்ளும் கடிதங்கள் வரும். தேதிப்படி படித்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும். இங்கே கதவுகள் பூட்டப்படுகின்றன, அங்கே ஒரே நாளில் மூன்று பேர் தன்னை மணக்கக் கேட்டதை லூசி சிரித்துக்கொண்டு எழுதுகிறாள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சில வாரம் ஹார்க்கரிடமிருந்து ஒன்றுமே வராது. அவன் என்ன ஆனான் என்று மினாவைப் போலவே நானும் காத்திருந்தேன். முதல் முறை படிப்பவர் அச்சிட்ட வரிசையிலேயே படியுங்கள். தேதி முறை இரண்டாம் வாசிப்புக்கு.

இந்த வாசிப்பில்தான் ஓர் இடம் என்னை உலுக்கியது. டிராகுலா நள்ளிரவில் மருத்துவர் சீவர்டின் வீட்டுக்குள் புகுந்து, அவனை வேட்டையாடுபவர்கள் சேர்த்து வைத்திருந்த கையெழுத்துக் குறிப்புகளையும், குரலைப் பதிந்து வைத்த ஃபோனோகிராஃப் மெழுகு உருளைகளையும் தீயில் போட்டுவிடுகிறான். ஆனால் மினா எல்லாவற்றையும் ஏற்கெனவே தட்டச்சு செய்து ஒரு படியைப் பெட்டகத்தில் வைத்திருக்கிறாள். அசல் எரிந்து போகிறது, நகல் கதையைக் காப்பாற்றுகிறது. பின்னாளில் ஒரு நீதிமன்றம் இந்தக் கதையைத் திருடி எடுத்த படத்தை அழிக்கச் சொன்னதும், அதுவும் நகல்களால் பிழைத்ததும் நினைவுக்கு வந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சூரிய ஒளி பட்டால் ரத்தக்காட்டேரி சாகும் என்பது இந்த நாவலில் கிடையாது. பகலில் அவன் பலம் குறையும், அவ்வளவுதான். லண்டன் பிக்கடில்லியில் பட்டப்பகலில் அவன் நிற்பதை ஹார்க்கர் பார்க்கிறான். சூரியனால் சாவது 'நோஸ்ஃபெராட்டு' கொண்டு வந்தது. நாவலில் டிராகுலா கத்திகளால் சாகிறான். இப்படி ஒவ்வொரு விவரமும் எங்கிருந்து வந்தது என்று குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இடப்பக்கம் புத்தகம், வலப்பக்கம் படம். இந்தத் துறையில் நான் செய்த மிக உபயோகமான காரியம் அது. ஓநாய் மனிதனைப் பற்றிய பழங்காலச் செய்யுள் என்று நான் நம்பியிருந்த நான்கு வரி, 1941 படத்துக்காகத் திரைக்கதை எழுதிய கர்ட் சியோட்மாக் தானே புனைந்தது என்று தெரிந்தது. 1932-ல் வந்த 'தி மம்மி'க்குப் பின்னால் நாவலே இல்லை. 1922-ல் துட்டன்காமுன் கல்லறையைத் திறந்த பரபரப்புதான் அதன் வேர். அதற்கெல்லாம் இடப்பக்கம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடமும் ஒரு தகவல்தான்.

ஹைட் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். படங்களில் பார்த்துவிட்டு, மிஸ்டர் ஹைட் என்றால் மயிர் அடர்ந்த பெரிய மிருகம் என்று நினைத்திருந்தேன். ஸ்டீவன்சனின் 1886 குறுநாவலில் அவன், மருந்து குடித்து ஹைடாக மாறும் டாக்டர் ஜெக்கிலைவிடச் சின்ன உருவம், வயதிலும் இளையவன். ஜெக்கிலின் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று தொங்குகிறது. தனக்குள் இருந்த தீமையை அதுவரை அதிகம் பயன்படுத்தாததால் அது வளராமல் இருந்தது என்று ஜெக்கிலே காரணம் தேடுகிறார். இதற்கு முன்னால் எந்த மயிரும் பல்லும் நிற்காது. வெல்ஸின் 'தி இன்விசிபிள் மேன்' நாவலில் மறைந்த மனிதனுக்குக் குளிர்காலத்தில் துணியில்லாமல் திரிய வேண்டிய கஷ்டம், சாப்பிட்டது செரிக்கும் வரை வெளியே தெரியும் அவஸ்தை என்று உடம்பின் கதை பக்கம் பக்கமாக இருக்கும். 1933 படத்தில் அவன் முகத்தில் சுற்றிய துணியை அவிழ்க்கும்போது உள்ளே ஒன்றுமில்லாமல் இருப்பதைக் காட்ட, நடிகருக்கு உடல் முழுக்கக் கறுப்பு வெல்வெட் உடை போட்டு, கறுப்பு வெல்வெட் பின்னணியில் நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். ஒன்று எழுத்தால் மட்டும் முடிவது, மற்றது படத்தால் மட்டும் முடிவது. எது மேல் என்ற சண்டைக்கே நான் போவதில்லை.

உரிமை பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், நானே மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். 'ஃப்ராங்கன்ஸ்டைன்' கதையைச் சிறுவர்களுக்காகச் சுருக்கித் தமிழில் எழுதி, அட்டைக்கு ஒரு படமும் வரைந்தேன். தட்டையான தலை, கழுத்தின் இரு பக்கமும் உலோக முளை. அச்சுக்குக் கொடுக்க இருந்த சமயத்தில், பதிப்புத் துறையில் இருக்கும் நண்பர் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். நாவல் 1818-ல் வந்தது, எல்லாருக்கும் சொந்தம். அந்தத் தலையும் முளையும் நாவலில் இல்லை. 1931-ல் யூனிவர்சல் எடுத்த படத்துக்காக ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் உருவாக்கியவை. அந்தக் காலத்து அமெரிக்கப் படங்களுக்கு அங்கே வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு பாதுகாப்பு. 1931 படத்துக்கு அது 2026 இறுதியோடுதான் முடிகிறது. கதை இலவசம் என்பதால் முகமும் இலவசம் ஆகிவிடாது.

நாவலைத் திறந்து அந்த உருவம் எப்படி இருக்கிறது என்று எழுதியிருக்கும் பத்திகளை வரி வரியாகப் படித்தேன். எட்டு அடி உயரம். அடியில் ஓடும் தசையையும் நாளத்தையும் மூட முடியாத மஞ்சள் தோல். பளபளவென்று வழியும் கறுப்புத் தலைமுடி. முத்து மாதிரி வெள்ளைப் பற்கள். நீர் கோத்த கண்கள், நேர்கோடாகக் கறுத்த உதடுகள். அழகான உறுப்புகளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தும் மொத்தம் கோரமாக அமைந்துவிட்ட உடம்பு. அதை வரைந்தேன். முதல் படத்தைவிட நூறு மடங்கு பயமாக வந்தது.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு. வெல்ஸ் 1946-ல் இறந்தார். அதனால் அவர் நூல்கள் பிரிட்டனில் விடுபட்டது 2017-ல்தான். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளரின் காலத்தைத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். நூறு வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சு நாவலின் ஆங்கிலப் பிரதி போன வருடம் செய்ததாக இருக்கலாம். மறுபக்கம், அதிர்ஷ்டவசமாகக் கைக்கு வந்தவையும் உண்டு. 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கு முதலில் வேறு பெயர். விநியோகத்தின்போது பெயர் அட்டையை மாற்றியவர்கள், பழைய அட்டையில் இருந்த பதிப்புரிமைக் குறிப்பைப் புதியதில் சேர்க்க மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லையென்றால் உரிமை இல்லை. வெளிவந்த நாளிலிருந்தே படம் எல்லாருடையதாகிவிட்டது.

புத்தகங்களுக்கு நான் முதலில் போவது ப்ராஜெக்ட் குட்டன்பெர்க். மைக்கேல் ஹார்ட் 1971-ல் தொடங்கியது; மனிதர்கள் மெய்ப்புப் பார்த்த எழுத்து என்பதால் நம்பிப் படிக்கலாம். பழைய அட்டை, ஓவியம், அச்சு எழுத்து எல்லாவற்றோடும் பார்க்க வேண்டுமென்றால் இன்டர்நெட் ஆர்கைவின் ஸ்கேன்கள். அங்கே ஸ்கேனிலிருந்து இயந்திரம் தானாக உருவாக்கிய எழுத்துக் கோப்பை மட்டும் இறக்காதீர்கள். ஒரு முறை அப்படி இறக்கி, ஒரு வாக்கியத்தில் அரைமணி நேரம் முட்டி மோதிய பிறகு பக்கத்தின் படத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு வரியே விழுங்கப்பட்டிருந்தது.

'ஃப்ராங்கன்ஸ்டைன்' படிக்க நினைப்பவர்களுக்கு: அது இரண்டு புத்தகம். 1818-ல் ஆசிரியர் பெயர் இல்லாமல் மூன்று தொகுதியாக வந்தது ஒன்று. மேரி ஷெல்லி அதை எழுதத் தொடங்கியபோது வயது பதினெட்டு. 1831-ல் அவரே திருத்தி, 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அடைபட்டுக் கிடந்தபோது ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பேசி வைத்ததை முன்னுரையாகச் சேர்த்து வெளியிட்டது இன்னொன்று. முதலாவதில், ராட்சதனை உருவாக்கும் விக்டர் மணக்கப்போகும் எலிசபெத் அவனுடைய சொந்த அத்தை மகள். இரண்டாவதில் எடுத்து வளர்த்த அநாதை. திருத்திய பதிப்பில் விதி விக்டரை இழுத்துக்கொண்டு போகிறது. முதல் பதிப்பில் அவன் தானாகவே போகிறான். எனக்கு முதல் பதிப்புதான் பிடித்திருக்கிறது, தப்பிக்க அவனுக்குக் காரணம் எதுவும் கொடுக்காததால். 1831 முன்னுரையை மட்டும் தனியாகப் படித்துக்கொள்ளலாம், அது அவ்வளவு நன்றாக இருக்கும்.

இந்த நாவலில் எனக்குப் பெரிய அதிர்ச்சி, ராட்சதன் பேசுவது. முனகல் இல்லை. அத்தியாயம் அத்தியாயமாக, தன் கதையைத் தானே சொல்கிறான். ஒரு குடிசைச் சுவரின் இடுக்கு வழியாகக் குடும்பம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து மொழி கற்கிறான். காட்டில் கிடைத்த பையில் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' இருக்கிறது, அதைப் படித்துத் தன்னை ஆதாமோடும் சாத்தானோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறான். அவனுக்குப் பெயர் கிடையாது. விக்டர் டாக்டரும் கிடையாது, கல்லூரி மாணவன். மின்னல் வெட்டும் கோபுரமோ கூனல் உதவியாளரோ எதுவும் இல்லை. மழை பெய்யும் ஒரு நவம்பர் இரவு, அணையப் போகும் மெழுகுவத்தி, அவ்வளவுதான்.

படங்களில் 1910-ல் எடிசன் நிறுவனம் எடுத்ததை யாருக்கும் முதலில் காட்டலாம். கால் மணி நேரம் போல ஓடும். கொப்பரைக்குள் ஒன்றுமில்லாததிலிருந்து சதை சேர்ந்து எலும்பை மூடி, கை ஒன்று தூக்கி ஆடும். ஒரு பொம்மையை எரித்துப் படமெடுத்து அதைப் பின்னோக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். அக்கா மகன் அதை மட்டும் ஏழெட்டு முறை பார்த்தான்.

அதற்கப்புறம் 1931 படம், ஜேம்ஸ் வேல் இயக்கம், ராட்சதனாக போரிஸ் கார்லோஃப். ஏரிக்கரையில் மரியா என்ற சின்னப் பெண் தனியாக விளையாடிக்கொண்டிருக்கிறாள். ராட்சதனைப் பார்த்துப் பயப்படாமல் பூ கொடுக்கிறாள். இரண்டு பேரும் மண்டியிட்டு உட்கார்ந்து பூக்களைத் தண்ணீரில் போடுகிறார்கள், பூ மிதக்கிறது. அவன் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு. பூ தீர்ந்துபோகிறது. வெறும் கையைப் பார்க்கிறான். பிறகு அவளைப் பார்க்கிறான்.

பல வருடங்களாகப் புழங்கிய பிரதிகளில் காட்சி இங்கேயே அறுந்துவிடும். அவன் கை நீள்கிறது, வெட்டு. அப்புறம் அப்பா இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருகிறார். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்பவர்கள் நினைத்தது உண்மையைவிட எவ்வளவோ பயங்கரம். தணிக்கைக்காக வெட்டியது, 1980-களில்தான் திரும்பச் சேர்ந்தது. முழுப் பிரதியில் அவன் அவளைத் தூக்கித் தண்ணீரில் போடுகிறான், பூ மாதிரி மிதப்பாள் என்று நம்பி. அவள் மூழ்கியதும் திகைத்துப்போகிறான். தடுமாறிக்கொண்டே ஓடுகிறான். வெட்டிய பிரதியில் கொலைகாரன். முழுப் பிரதியில் கணக்குத் தப்பிய குழந்தை. சில நொடிப் படச்சுருள்தான் வித்தியாசம்.

நாவலிலும் தண்ணீரும் ஒரு பெண்ணும் உண்டு. ஆற்றில் வழுக்கி விழுந்த பெண்ணை ராட்சதன் பாய்ந்து இறங்கிக் கரை சேர்க்கிறான். மயங்கிக் கிடப்பவளை எழுப்ப முயலும்போது அவளோடு வந்தவன் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு போகிறான்; பின்னாலேயே போன இவனைத் துப்பாக்கியால் சுடுகிறான். என் நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் "காப்பாற்றுகிறான்", வலப்பக்கம் "மூழ்கடிக்கிறான்" என்று எழுதி இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

முழுப் பிரதியைப் போன மாதம் அக்கா மகனோடு பார்த்தேன். ஏரிக் காட்சி முடிந்ததும் அவனே நிறுத்தினான்.

"மாமா, புக்குல அந்தப் பொண்ணு பொழைச்சிடுதா?"

"பொழைச்சிடுது."

"அப்புறம் அவனுக்கு நன்றி சொல்லுதா?"

"நீயே படிச்சுப் பாரு."

மறுநாள் 1818 பதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் பக்கத்தில் ராட்சதன் இல்லை. வட துருவத்துக்குப் போகத் துடிக்கும் ஒருவன், தூரத்தில் இருக்கும் தன் சகோதரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். அக்கா மகன் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான்.